மூன்றாவது தமுக்கு

தொம்மலூர் ஏரிக்கரையில் துணி வெளுக்கும் பதினோரு குடும்பங்களில் தனக்கோடியின் கணக்கு மட்டும் ஒரு நாளும் தப்பியதில்லை. காகிதமில்லை, பென்சிலில்லை. திங்கட்கிழமை பத்தொன்பது வீட்டு அழுக்கை எடுத்தாளானால், எந்த வீட்டில் எத்தனை வேட்டி, எத்தனை தலையணை உறை, எது கிழிசல், எது சாயம் விடுவது என்று வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒப்பிப்பாள். எழுத்துத் தெரியாது, எண் தெரியும். வீட்டுக்கு ஒரு குறி. சேங்கொட்டை மையில் ஊசியைத் தோய்த்துத் துணியின் மூலையில் வைத்தால், துணி நைந்து போகிற வரைக்கும் குறி போகாது. வக்கீல் வெங்கடசுப்ரமணியன் வீட்டுக்கு வட்டமும் நடுவில் புள்ளியும். முனிராஜ் வீட்டுக்கு இரண்டு கோடும் மேலே ஒரு புள்ளியும்.

அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு தரம் எண்ணாமல் கொடுத்தாள். அதுதான் 1958 அக்டோபர் நாலாம் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தமுக்காக அவள் வாசலில் வந்து நின்றது.

அன்று தூறல். வெள்ளாவிப் பானையை இறக்கிவிட்டு அவளும் நாத்தனார் முத்தம்மாவும் களியும் கீரைச் சாறும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டு அமீன் குடையோடு வந்தார். பின்னால் மாரப்பன், கழுத்தில் தமுக்கோடு. மாரப்பன் இவர்களுக்குத் தெரிந்தவன்தான். சாவுக்கும் தேருக்கும் அடிப்பான், கோர்ட்டு கூப்பிட்டால் கோர்ட்டுக்கும் அடிப்பான். தலையைக் குனிந்துகொண்டே அடித்தான். ஒன்று. தெரு கூடியது. இரண்டு. எதிர்வீட்டார் வாசலுக்கு வந்தார்கள். மூன்று. அமீன் கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை படித்தார்.

"காலஞ்சென்ற கோவிந்தன் ஜவுளிக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, செலவு உட்பட நானூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய்க்காக இந்த வீடு ஜப்தி செய்யப்படுகிறது. இதை யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது."

படித்துவிட்டுக் கதவில் ஒட்டினார். அந்தக் கதவு, சண்டைக்குப் பிறகு ராணுவ டிப்போவில் ஏலம் விட்ட வெடிமருந்துப் பெட்டிகளைப் பிரித்துக் அவள் புருஷன் கோவிந்தன் தன் கையால் அடித்தது. பலகையில் இன்னும் வெள்ளை எண்கள் தெரியும். அந்த எண்களைப் பார்த்துத்தான் தனக்கோடி எண் கற்றாள். காகிதம் சரியாக அந்த எண்களின் மேல் உட்கார்ந்தது.

"அண்ணி, இன்னா பாக்கி இது?" என்றாள் முத்தம்மா. "அண்ணன் நம்மளுக்குத் தெரியாம நானூறு ரூபாய்க்குத் துணி எடுத்துச்சா? அது கோவணம் கிழிஞ்சாகூட உன்னக் கேட்டுதானே மாத்தும்?"

தனக்கோடியின் கை களியிலேயே இருந்தது.

கோவிந்தனைப் போன்ற டிப்போ கூலிகளுக்குப் பிரேசர் டவுனில் ஹெர்பர்ட் என்பவரின் ஜவுளிக் கடை சிவப்பு அட்டை கொடுத்திருந்தது. அட்டையைக் காட்டினால் காசில்லாமல் துணி எடுக்கலாம். எடுத்ததை எண் போட்டு அட்டையில் எழுதுவார்கள். சம்பளத்தன்று கடை வசூல்காரன் டிப்போ வாசலில் நின்று தவணை வாங்குவான். அட்டை வாங்கும் அன்றைக்கே ஸ்டாம்பு ஒட்டிய வெற்று நோட்டில் ஒரு கையெழுத்து. கடைசித் தவணை கட்டுகிற வரைக்கும் துணி கடையுடையது என்பதற்கு அடையாளமாகத் துணியின் மூலையில் சிவப்பு நூலால் எண் தைத்திருப்பார்கள். தீர்ந்த அன்று கத்தரிக்கோலால் அந்த நூலை வெட்டிவிடுவார்கள். தொம்மலூர்ப் பெண்கள், "எங்க வூட்ல நூலு வெட்டியாச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான்.

வசூல்காரன் முனிராஜ். இதே தெருவில் எட்டாவது வீடு. கோவிந்தனின் சிநேகிதன், பாடைக்குத் தோள் கொடுத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன், பதினாறாம் நாள் காரியத்தன்று, செத்தவன் பேரில் பாக்கி இருக்கக் கூடாது என்று தனக்கோடி பதினெட்டு ரூபாயையும் சிவப்பு அட்டையையும் சேர்த்து அவன் கையில் வைத்தாள். அட்டையைப் பிரித்து எண்ணிப் பார்க்கவில்லை. ரசீது கேட்கவில்லை. தோள் கொடுத்தவனிடம் ரசீது எப்படிக் கேட்பது? போன மாசி மாதம் அவனே கோர்ட்டுப் பியூனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அண்ணன் கணக்கை மூடற காகிதம் அண்ணி, ரேகை வையுங்க" என்றான். வைத்தாள்.

களியை அப்படியே விட்டுவிட்டு எட்டாவது வீட்டுக்கு நடந்தாள்.

முனிராஜ் கண்ணாடி முன் நின்று கழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தான். சட்டை அவள் வெளுத்தது.

"வாங்க அண்ணி. கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல."

"பதினெட்டு ரூவா குடுத்தேனே தம்பி. அட்டையும் குடுத்தேனே."

"குடுத்தீங்க. அது வட்டிக்குப் போச்சு." குரலைத் தாழ்த்தினான். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தினி நாள் சொல்லல. அண்ணன் கடைசியில நெறைய எடுத்துட்டாரு. பொடவ மூணு, கம்பளித் துணி, படுக்கை விரிப்பு நாலு. உங்க வூட்டுக்கு வந்துச்சா?"

"வரலியே."

"அதான். வரலேன்னா வேற எங்கியோ போயிருக்கு. ஆம்பள சமாச்சாரம். செத்தவர இப்போ தோண்ட வேணாம் அண்ணி."

 வீட்டை எடுக்கிறேன் என்று சொன்னதைவிடத் தனக்கோடிக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. கோவிந்தன் காசநோயில் நாலு மாதம் கிடந்து செத்தவன். எழுந்து நிற்க அவள் தோள் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவன் யார் வீட்டுக்குப் புடவை எடுத்துக்கொண்டு போயிருப்பான்?

"அப்போ நாளையிலருந்து உங்க துணிய வேற யார்னா..." என்று ஆரம்பித்தாள்.

"சே சே. அது கோர்ட்டு விஷயம், இது துணி விஷயம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. திங்கக்கெழம எல்லம்மா கட்டி வெச்சிருப்பா, வந்து எடுத்துக்கினு போங்க. பத்தொம்போதாந்தேதி ஞாயித்துக்கெழம பேரனுக்குப் பேர் வெக்கிறோம். ஹெர்பர்ட் தொரையே வர்றாரு. துணியெல்லாம் பளிச்சுனு இருக்கணும்."

அந்தத் திங்கட்கிழமை அவள் போய் எடுத்தாள். முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மானம் இல்ல உனக்கு? அவன் துணியத் தொவைக்கிறியே, ஏரியில வுடு, மீனு கட்டிக்கட்டும்!"

"தொவைக்கிறேன்" என்றாள் தனக்கோடி. முனிராஜின் சட்டைக் கழுத்துப்பட்டைக்கு மட்டும் மூன்று மடங்கு கஞ்சி போட்டாள். கரி இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் பட்டை தகரம் போல நின்றது. அந்த வாரம் முழுக்க முனிராஜ் திரும்ப வேண்டுமானால் உடம்போடு திரும்பினான். கழுத்தில் சிவப்பாகக் கீறல். டிப்போ வாசலில் கூலிகள் கேலி செய்தார்களாம். முத்தம்மா அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். தனக்கோடி சிரிக்கவில்லை. கஞ்சி போதவில்லை அவளுக்கு.

புதன்கிழமை வக்கீல் வீட்டுத் துணியோடு அவரையே பார்த்தாள். பின்கட்டில் பாகீரதி அம்மாள் துணி எண்ணி வாங்க, வக்கீல் காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். துணி வாங்கின கடனுக்கு வூட்டை எடுக்க முடியுமா? அட்டையில வூட்டப் பத்தி ஒரு எழுத்தும் கெடையாதாம்."

"அடமானம் வெச்சானா உன் ஆம்படையான்?"

"இல்ல."

"அப்போ அட்டைக்கும் வீட்டுக்கும் நேரா சம்பந்தம் இல்லை. கடைக்காரன் தானா வந்து கதவைத் தொட முடியாது. ஆனா அவன் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்கிட்டான்னா, அப்புறம் அது துணிக் கடன் இல்லை, கோர்ட்டுக் கடன். உன் ஆம்படையான் விட்டுட்டுப் போனது எதுவோ, அதுவரைக்கும் கை நீளும். அவன் விட்டுட்டுப் போனது இந்த வீடு ஒண்ணுதான்."

"பொய்க் கடனா இருந்தா?"

"அதை டிக்ரிக்கு முன்னாலே வந்து சொல்லியிருக்கணும். நீ கோர்ட்டுச் சம்மன்லே ரேகை வெச்சுட்டுச் சும்மா இருந்துட்டே. இப்பவும் வழி இருக்கு, மோசடின்னு காட்டினா டிக்ரியைத் தள்ளச் சொல்லலாம். ஆனா அழுதா போறாது. சாட்சியா ஒரு வஸ்து வேணும். நவம்பர் மூணாந்தேதி ஏலம்."

அவரே மறுநாள் கோர்ட்டிலிருந்து அட்டையின் நகலை எடுத்து வந்தார். பின்கட்டிலேயே நின்று படித்தார். கம்பளிச் சூட்டுத் துணி. பூம்புடவை மூன்று. "எண் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு முதல் பதினேழு வரை, நீலக் கோடு போட்ட இரட்டைப் படுக்கை விரிப்பு, நாலு."

"இன்னொரு தரம் படிங்க சாமி."

படித்தார். தனக்கோடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் முனிராஜின் மகள் யசோதா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தாள். அதிலிருந்து அழுக்குக்கு வந்த விரிப்புகள் நாலு. நீலக் கோடு. மூலையில் சிவப்பு நூல் இன்னும் வெட்டாமல் இருந்தது. தவணை முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடியே, அந்த எண்களுக்குப் பக்கத்தில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் வைத்தது அவள் கைதான். 2214, 2215, 2216, 2217.

"என் புருஷன் துணி குடுத்த பொம்பள யாருன்னு தெரிஞ்சுபோச்சு சாமி" என்றாள். "முனிராஜ் பெத்த பொண்ணு."

வக்கீலுக்குப் புரிந்ததும் முகம் மலர்ந்தது. "பேஷ். ஒரு விரிப்பை எடுத்துண்டு வா. நான் ஹெர்பர்ட்டைத் தனியாப் பார்த்துப் பேசறேன். கௌரவமான மனுஷன், வழக்கை வாபஸ் வாங்கிடுவான். முனிராஜைச் சத்தம் போடாம வேலையை விட்டு அனுப்பிடுவான். உன் வீடு உனக்கு. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும்."

"அப்படி முடியக் கூடாது சாமி."

"என்னது?"

"என் வாசல்ல காதும் காதும் வெச்சா அடிச்சாங்க? தமுக்கு அடிச்சாங்க. மூணு தரம். இப்போ ஏரிக்கரையில பொம்பளைங்க என் புருஷன் எவளுக்குப் பொடவ எடுத்தான்னு பேசிக்கினு தொவைக்கிறாளுங்க. அவன் வாசல்லயும் மூணு தரம் அடிக்கணும்."

"அசடே, முதல்லே வீட்டைக் காப்பாத்திக்கோ. அவன் முந்திண்டு நூலை வெட்டிட்டான்னா? உனக்கு வீடும் இல்லை, தமுக்கும் இல்லை."

"அந்த விரிப்பு நாலும் இந்தத் திங்கக்கெழம அழுக்குல வந்திருக்கு, பேர் வெக்கிற ஞாயித்துக்கெழம காலையில வரைக்கும் என்கிட்டதான் இருக்கும் சாமி. அவனே குடுத்திருக்கான், பளிச்சுனு இருக்கணும்னு சொல்லி." நகலை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த வாரம் முழுக்க மழை பிடித்துக்கொண்டது. ஏரி கலங்கி, கரை சேறானது. மற்ற வீட்டுத் துணிகளைப் பாதி ஈரத்தோடு இஸ்திரியில் காயவைத்தார்கள். அந்த நாலு விரிப்பை மட்டும் வீட்டுக்குள் குறுக்கே கொடி கட்டி, அடியில் கரிச்சட்டி வைத்து, தனக்கோடி ராத்திரியும் பகலும் காத்தாள். வீடே புகையாகிவிட்டது. முத்தம்மா இருமிக்கொண்டே, "கைக்கொழந்தைக்குக்கூட இப்படிக் காவல் இருக்கமாட்டாங்க அண்ணி" என்றாள். வெள்ளிக்கிழமை எல்லம்மா வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, விரிப்பு ஆச்சா? அவரு கேக்கறாரு."

"மழையில காயல எல்லம்மா. ஞாயித்துக்கெழம நானே இஸ்திரி போட்டுக் கொண்டாறேன்."

"மறந்துடாதக்கா. தொரை வந்து உக்கார்றதுக்கு அதத்தான் விரிக்கணும்." மடியிலிருந்து ஒரு பொட்டலம் வெல்லம் எடுத்து நீட்டினாள். "பேரன் பொறந்ததுக்கு. அன்னிக்கே குடுக்கணும்னு இருந்தேன், உங்க வூட்ல இப்படி ஆயிடுச்சு." கண் கலங்கியிருந்தது. எல்லம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது தனக்கோடிக்கு அப்போதே தெரிந்தது. வெல்லத்தை வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை, முத்தம்மாவையும் தின்னவிடவில்லை.

மாரப்பனைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடு.

"வாணாம் அக்கா. கோர்ட்டு உத்தரவு இல்லாம அடிச்சா போலீசு என்னப் புடிக்கும்."

"கோர்ட்டு சமாச்சாரம் ஒண்ணும் நீ சொல்ல வேணாம். பேர் வெக்கிற வூடு, மேளம் அடிச்சா யாரு கேப்பாங்க? ஒரு வருசத்துக்கு உன் வூட்டுத் துணிய நான் வெளுக்கறேன். சோப்பும் என்னுது."

"கூலிக்காக இல்லக்கா" என்றான் மாரப்பன். "உன் வாசல்ல அடிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல." நாலடி போய்த் திரும்பி, "போர்வையும் தொவைப்பியா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, வெயில் அடித்தது. பதினொரு மணிக்கு ஹெர்பர்ட் துரையின் கறுப்புக் கார் வந்து எட்டாவது வீட்டு வாசலில் நின்றது. வெள்ளைச் சூட்டும் தடியுமாக இறங்கிய கிழவரை முனிராஜ் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உள்ளே அழைத்துப் போனான். உள்ளே கேசரி வாசனை. பாய்தான் விரித்திருந்தது. "விரிப்பு எங்கடி?" என்று முனிராஜ் பல்லைக் கடிப்பது தெருவுக்குக் கேட்டது.

விரிப்பு தெருவில் இருந்தது. எதிரே இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் முத்தம்மா கயிறு கட்டினாள். நாலு விரிப்பும் அடுத்தடுத்துத் தொங்கின, எண் இருக்கும் மூலை வாசலைப் பார்க்க. தனக்கோடி தலையை அசைத்தாள். மாரப்பன் அடித்தான்.

ஒன்று.

பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தார்கள். முனிராஜ் முதலில் தமுக்கைப் பார்த்தான். பிறகு கயிற்றைப் பார்த்தான். தெருவைத் தாண்டி ஓடி வந்தான்.

"இன்னா கலாட்டா இது? துணியக் குடு!"

"துணி தொரையோடது. அவரு பாக்கட்டும்." தனக்கோடி இடுப்பிலிருந்த நகலை எடுத்து ஹெர்பர்ட்டின் கையில் கொடுத்தாள். பிறகு வெள்ளிக்கிழமை துணி ஒப்பிக்கிற அதே குரலில், அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி ஒப்பித்தாள். "தொரை, நீங்க என் வூட்டை ஏலம் போடறது இந்தத் துணிக்குத்தான். ரெண்டாயிரத்து எரநூத்திப் பதினாலு, பதினஞ்சு, பதினாறு, பதினேழு. செத்துப்போன கோவிந்தன் அட்டையில எழுதியிருக்கு. சிவப்பு நூலு உங்க கடைது. பக்கத்துல ரெண்டு கோடு ஒரு புள்ளி, அது என்னுது. எந்த வூட்டுக் குறின்னு தெருவைக் கேளுங்க."

கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். நகலைப் பார்த்தார். விரிப்பின் மூலையை விரலால் தடவினார். ஒவ்வொன்றாக நாலையும் தடவினார்.

"முனிராஜ், இது எப்படி உன் வீட்டிலே?"

"மாறிப்போச்சு சார். தொவைக்கிற எடத்துல மாத்திட்டா. பழி வாங்க எவ வூட்டுத் துணியவோ கொண்டாந்து..."

"அப்பா!" வாசற்படியில் குழந்தையோடு நின்ற யசோதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாறல அப்பா. இது என் விரிப்புதானே? கல்யாணத்துக்கு நீ எடுத்துக் குடுத்தியே, அந்தப் பெட்டியில இருந்தது."

 முனிராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தான். கஞ்சிப் பட்டை கழுத்தை அறுக்க, உடம்போடு திரும்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"கட்டிடலாம்னுதான் சார்" என்றான் மெதுவாக. "கல்யாணத்துக்குக் கை கடிச்சிடுச்சு. செத்தவர் அட்டைதானே, மாசாமாசம் நானே கட்டி மூடிடலாம்னு பழைய தேதி போட்டு எழுதினேன். நீங்க பழைய பாக்கியெல்லாம் உங்க வக்கீல்கிட்ட குடுத்துட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது..."

"தொரைகிட்ட அப்புறம் சொல்லு" என்றாள் தனக்கோடி. "தெருவுக்குச் சொல்லு. என் புருஷன் அந்தத் துணிய எவ வூட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தான்?"

"அண்ணி, விட்டுடுங்க..."

"எவ வூட்டுக்கு?"

"யார் வூட்டுக்கும் இல்ல. அண்ணன் ஒண்ணும் எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

"கேக்கல."

"நான்தான் எடுத்தேன்!"

தனக்கோடி தலையை அசைத்தாள். மாரப்பன் அடித்தான். இரண்டு.

ஹெர்பர்ட் துரை நகலை மடித்துப் பையில் வைத்தார். "நாளைக் காலையிலே என் வக்கீலைக் கோர்ட்டுக்கு அனுப்புகிறேன், அம்மா. உன் வீட்டு மேலே ஒரு காசு பாக்கியில்லை என்று எழுதிக் கொடுப்பார். வெரி சாரி." முனிராஜிடம், "கடைச் சாவியைக் கொடு" என்றார். முனிராஜ் அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். துரை ஒரு விரிப்பைக் கயிற்றிலிருந்து எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். கேசரியைத் தொடவில்லை. வந்திருந்த சம்பந்தி வீட்டார் செருப்பைத் தேடினார்கள்.

எல்லம்மா தெருவுக்கு வந்து தனக்கோடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வூடு வந்துடுச்சில்ல. அண்ணன் பேரும் வந்துடுச்சு. போதும்கா. கொழந்தைக்கு இன்னும் பேரே வெக்கல. சம்மந்திங்க எழுந்திரிச்சுப் போறாங்க பாரு. எம்பொண்ணை இங்கியே வுட்டுட்டுப் போயிடுவாங்கக்கா."

உள்ளே குழந்தை வீறிட்டது. மாரப்பன் குச்சியைத் தாழ்த்தினான். "அவங்க சொல்றதும் சரிதான். போதும் அக்கா."

தனக்கோடி எல்லம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கை வெல்லம் கொடுத்த கை. அதைத் தட்டிவிடாமல் அப்படியே இருக்க விட்டாள்.

"மாரப்பா, என் வாசல்ல எத்தினி தரம் அடிச்ச?"

"மூணு."

"மூணாவது அடிக்கறப்போ எங்க வூட்ல யார்னா அழுதாங்களான்னு பாத்தியா?"

அவன் தமுக்கின் வாரைச் சரிசெய்தான்.

"அடி."

மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். மற்ற இரண்டையும்விட அது பலமாக விழுந்தது. காக்கைகள் கம்பியிலிருந்து எழுந்தன. எல்லம்மாவின் கை தானாக நழுவியது.

பிறகு தனக்கோடி கயிற்றை நோக்கித் திரும்பினாள். முத்தம்மா ஒரு முனையைப் பிடிக்க, இவள் மறுமுனையைப் பிடித்து, மீதி விரிப்புகளைச் சுருக்கம் விழாமல் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு என்று மடித்தாள். மடித்ததை எட்டாவது வீட்டு வாசற்படியில், கோலத்தின் மேல் வைத்தாள். அதன் மேல் பிரிக்காத வெல்லப் பொட்டலத்தையும் வைத்தாள்.

"மூணு இருக்கு. ஒண்ணைத் தொரை எடுத்துக்கினு போயிட்டாரு" என்றாள். "எண்ணி வாங்கிக்க, எல்லம்மா. நான் ஒரு தரம் எண்ணாம குடுத்துட்டேன்."